ஐந்து மணிப் போணி

ஏப்ரல் 4, வெள்ளி

இந்த டைரியை ஆஸ்பத்திரி டாக்டரம்மா கொடுத்தார். அட்டையில் ஏதோ மாத்திரைக் கம்பெனியின் பெயர். தினமும் எத்தனை சொம்பு தண்ணீர் குடித்தேன், எப்போது வெயிலில் போனேன், தலை சுற்றியதா என்று எழுதிக் காட்ட வேண்டுமாம். நான் நாலாவது வரைக்கும்தான் படித்தேன் என்றேன். "நாலாவது படிச்சவங்களுக்குச் சொம்பு எண்ணத் தெரியாதா?" என்று கேட்டார். வாய் உள்ள பெண். எனக்குப் பிடித்துப்போயிற்று.

தண்ணீர் ஏழு சொம்பு. தலை சுற்றவில்லை.

நேற்றுச் சந்தையில் கருவாட்டுக்கார வேலாத்தா மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஊரே பேசுகிறது. விழவில்லை. நெத்திலிக் கூடைக்குப் பக்கத்தில் கொஞ்சம் படுத்தேன். கண்ணைத் திறந்தால் ஆட்டு டெம்போவில் இருக்கிறேன். சுற்றிலும் பதினோரு வெள்ளாடு. தலைமேல் நனைத்த துண்டு. துண்டு ஆட்டுத் தரகர் சென்னியப்பன் மாமாவுடையது. "எத்தன பல்லுன்னு பாத்தீங்களா மாமா, நல்ல விலைக்குத் தள்ளிரலாம்" என்று ஆட்டுக்கு வயது கேட்கிற மாதிரி கேட்டேனாம். அப்போதுதான் அவருக்கு உயிர் வந்ததாம்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இந்த வெயில உங்க இதயம் தாங்காதும்மா. பத்து மணிக்கு மேல நிழலை விட்டு வெளிய வரக் கூடாது" என்றார். எங்கள் செம்மாங்காட்டுச் சந்தை வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூடி மூன்று மணிக்குக் கலையும். அப்படியானால் சந்தைக்கே போகாதே என்றுதான் அர்த்தம்.

மகன் பூபதி திருப்பூரிலிருந்து போன் செய்தான். மே மாதக் கடைசிக்குள் வண்டி கொண்டுவந்து என்னையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு போகப்போகிறானாம். நல்ல பிள்ளை. மூன்றாவது மாடியில் வீடு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல் தெரியும். அங்கே போய் நான் யாரைக் கேலி செய்வது? மருமகளைச் செய்தால் அழுதுவிடும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆறு சொம்பு. ஒன்று காப்பி. அதுவும் தண்ணீர்தானே.

துண்டைத் துவைத்து மாமாவிடம் கொடுத்தேன். "கருவாட்டு வாசம் போகல புள்ள" என்றார். "அது உங்களுக்குச் சொத்துங்க மாமா, வெச்சுக்கங்க" என்றேன்.

முப்பது வருடமாக அந்தத் திடலில் உட்காருகிறேன். முன்பெல்லாம் சித்திரையில்தான் வெயில். இப்போது மாசியிலேயே தரை கொதிக்கிறது. கீரைக்கார மயிலாத்தாளின் கட்டு பதினோரு மணிக்கே தொங்கிவிடுகிறது. முட்டைக்காரர் வருவதை நிறுத்திவிட்டார். பக்கத்து ஊர் ஊத்துக்காட்டு ஜனம் பாதிப்பேர் வருவதில்லை. நூற்றி இருபது கடை இருந்த இடத்தில் போன வாரம் எண்ணினேன், எழுபத்தி நாலு.

என் சரக்குக்கு வெயிலால் நஷ்டமில்லை. கருவாடு வெயிலைக் கண்டால் சந்தோஷப்படும். விற்கிறவள்தான் வாடுகிறாள்.

இன்று மத்தியானம் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தேன். தெரு நாய் ஒன்பது மணிக்கே பாலத்துக்கு அடியில் போய்விட்டது. போன வருடம் பதினோரு மணி வரை சுற்றும். காக்கை விடிகாலையில் கத்தித் தீர்த்துவிட்டு அடங்கிவிடுகிறது. என் ஆட்டுக்குட்டி விடியும்போது மேய்ந்துவிட்டு ஒன்பதுக்கு மேல் கயிற்றை இழுத்தாலும் வர மாட்டேன் என்கிறது. எல்லோரும் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். நாம்தான் பத்து மணி, பத்து மணி என்று பிடித்துக்கொண்டு செத்துக்கொண்டிருக்கிறோம்.

அஞ்சு மணிக்குக் கூடி ஒன்பது மணிக்குக் கலைந்தால் என்ன?

ஏப்ரல் 10, வியாழன்

சந்தை நாள். டாக்டரம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்பதால் கூடை எடுத்துப் போகவில்லை. வாய் மட்டும் எடுத்துப் போனேன். எட்டு மணிக்கு எல்லோரும் கடை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்னதும் மயிலாத்தா முதல் ஆளாக, "ஏனுங்க அக்கா, அஞ்சு மணிக்குப் பறிச்ச கீரைய அஞ்சரைக்கு விக்கலாமா! பூ மாதிரி இருக்குமே" என்று வாயைப் பிளந்தாள். தக்காளிக்காரன் தலையாட்டினான். பாத்திரக்காரர் மட்டும், "அலுமினியம் வாடுமாக்கா?" என்றார். "அலுமினியம் வாடாது, மேல ஒரு முட்டைய ஒடச்சு ஊத்திப் பாருங்க, ஆம்லெட் ஆயிரும்" என்றேன். அவரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

சென்னியப்பன் மாமாதான் மசியவில்லை.

"விடியக்காலத்துல யாவாரம் பண்ண நானென்ன பால்காரனா?"

"பால்காரருக்கு எதிர்ல வர ஆளாச்சும் தெரியும். நீங்க போன வாரம் என் கூடையில இடிச்சுட்டுப் போனீங்க."

முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு பேச்சு பேசுகிற மனிதருக்கு இதற்கு ஏன் கோபம் என்று தெரியவில்லை. "நான் பத்து மணிக்குத்தான் வருவேன். இஷ்டம்னா வாங்க, இல்லாட்டிப் போங்க" என்று ஆட்டு வரிசைக்குப் போய்விட்டார்.

ஒன்பதே முக்காலுக்கு நான் வீடு திரும்பினேன். திரும்பித் திரும்பிப் பார்த்தேன் என்று மயிலாத்தா சொல்லுவாள். செருப்பு வார் அறுந்திருந்தது, அதைத்தான் பார்த்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

எட்டுச் சொம்பு. ஒன்றும் நடக்கவில்லை. மாமாவைத் திட்டினேன், ஆட்டுக்குட்டியிடம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்றுச் சித்திரை ஒன்றுக்குப் பாயசம் எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துத் தலைவரம்மா சுலோச்சனா வீட்டுக்குப் போனேன். பாயசத்தை விட என் பேச்சு இனிப்பாக இருந்ததாம். இருபத்தி நாலாம் தேதி ஒரு தடவை ஐந்து மணிக்குக் கூட்டிப் பார்க்கலாம் என்று தண்டோராவுக்குச் சொல்லிவிட்டார்.

முதல் பஸ் ஏழே காலுக்குத்தான். ஊத்துக்காட்டுக்காரர்கள் எப்படி வருவார்கள்? யோசித்துப் பால் வண்டிக்காரனைப் பிடித்தேன். நாலரை மணிக்கு ஊர் ஊராய்ப் போய்க் கேன் எடுப்பவன். கேனோடு பெண்களையும் ஏற்றி வா என்றேன். "பால் திரிஞ்சுராதுங்களா?" என்றான். நல்ல பெண்களாகப் பார்த்து ஏற்று என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

ஐந்து மணிக்குத் திடல் நிறைந்துவிட்டது. தொண்ணூற்றி ஒன்று கடை. செல்போன் வெளிச்சத்தில் கீரை பச்சைப் பசேல் என்று நின்றது. காற்று சில்லென்று. வாங்குகிறவர்களும் வந்துவிட்டார்கள். நான் கூடையைத் திறந்து உட்கார்ந்தேன். சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஸ்கூல் டீச்சர் ஒருத்தி வந்து கால் கிலோ நெத்திலி கேட்டாள். நான் சொன்னேன், "இருங்க கண்ணு, இன்னும் போணி ஆகல."

அவள் மயிலாத்தாளிடம் போனாள். "செத்த பொறுங்க, போணி ஆகட்டும்." தக்காளிக்காரனிடம் போனாள். "போணிக்கு அப்புறம் வாங்கக்கா."

எங்கள் சந்தையில் முதல் வியாபாரம் சென்னியப்பன் மாமாவின் கையில்தான். பத்து மணிக்கு அவர் துண்டைக் கைமேல் போட்டு, உள்ளே விற்கிறவன் விரலையும் வாங்குகிறவன் விரலையும் மாற்றி மாற்றிப் பிடித்து விலை பேசி, முதல் ஆட்டை முடித்து, "ஆச்சு!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் உப்பு கூட விற்போம். கைராசிக்காரர். இருபத்தைந்து வருட வழக்கம். மூச்சு விடுவது மாதிரி, யாரும் அதை நினைப்பதே இல்லை. ஊரையே திரட்டினேன், பால் வண்டியைத் திருப்பினேன், அந்த மனிதர் வர மாட்டேன் என்று சொன்னதும் தெரியும். அவர் வராவிட்டால் போணி இல்லை என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. எனக்கு மட்டுமா? தொண்ணூற்றி ஒன்று பேருக்கும்.

வேறு யாராவது போணி செய்யுங்கள் என்றேன். எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தலைவரம்மாவைக் கூப்பிட்டேன். "எனக்கெதுக்குங்க வம்பு, நாளைக்கு ஒண்ணுன்னா என் கைன்னு சொல்லுவாங்க" என்று முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டார். சரி, நீயாவது நெத்திலி விற்றாயா வேலாத்தா? இல்லை. என் கையும் எழும்பவில்லை.

வாங்க வந்தவர்கள் பைகளை ஆட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஏழு மணிக்கு வயிற்றெரிச்சலோடு போய்விட்டார்கள். ஒன்பதரைக்கு மாமா எப்போதும் போல வந்தார். பத்துக்கு "ஆச்சு!" என்றார். கேட்க ஆட்டையும் ஆட்டுக்காரர்களையும் தவிர ஆள் இல்லை. நான் அப்போது வீட்டில் இருந்தேன். அந்தச் சத்தம் வீடு வரை கேட்டது.

மூன்று சொம்பு. டாக்டரம்மா மன்னிக்க வேண்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

சண்டை போடுவதற்காகச் சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன். வசனமெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். பொழுது விழுந்து கொஞ்ச நேரம்தான், இருட்டுகூட இல்லை, மங்கல். தனிக்கட்டை மனிதர், வாசலில் கட்டிலில் இருந்தார். நாலடி தூரத்தில் போய் இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"ஆருங்க அது?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். என்னைத் தாண்டி வேலியைப் பார்த்துக்கொண்டு, "ஆருன்னு கேக்கறேன்ல?" என்றார். கை தரையில் சொம்பைத் தேடியது. சொம்பு இந்தப் பக்கம், கை அந்தப் பக்கம்.

வசனமெல்லாம் போய்விட்டது. சொம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"அம்மிணியா? கருவாட்டு வாசம் அப்பவே அடிச்சுது" என்று சிரிக்கப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "ரெண்டு வருசமாச்சு புள்ள. வெயில் சுள்ளுனு அடிச்சாத்தான் ஆடு ஆடாத் தெரியுது. மங்கல்ல எல்லாம் கரித்துணி."

"ஏன் மாமா சொல்லல?"

"கண்ணு தெரியாத தரகன்கிட்ட எவன் ஆடு கொண்டாருவான்?"

நான் பத்து மணி வெயிலில் செத்துவிடுவேன். அவருக்கு அந்த வெயில்தான் விளக்கு. இதை என்னவென்று சொல்வது. இந்த டைரியை டாக்டரம்மாவிடம் காட்டும்போது இந்தப் பக்கத்தை மடித்துக் காட்டுவேன்.

ஏப்ரல் 28, திங்கள்

மடிக்கவில்லை. மாமாவையே அழைத்துப் போய் நிறுத்திவிட்டேன். கண்ணில் புரையாம். முற்றிய புரை. சின்ன ஆபரேஷன், இலவச முகாம், ஆனால் தேதி ஜூன் பத்து. "கூட ஒருத்தர் வரோணும்" என்றார் டாக்டரம்மா. மாமா மேலே மின்விசிறியைப் பார்த்தார். நான் கீழே செருப்பைப் பார்த்தேன். டாக்டரம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு எதையோ எழுதினார்.

ஒன்பது சொம்பு.

மே 1, வியாழன்

சந்தையும் கிராமசபையும் ஒரே நாளில். கூட்டம் எட்டரைக்கே ஆரம்பித்ததால் நான் போனேன், பந்தல் நிழலில்தான் இருந்தேன், சத்தியம்.

ஒரு பையன் எழுந்து, டவுன் மார்க்கெட்டில் தகரக் கூரை இருக்கிறது, நம் சந்தையை அதோடு சேர்த்துவிடலாம் என்றான். பாதிக் கூட்டம் கை தட்டியது. பத்து மைல் போய் மயிலாத்தா நாலு கட்டுக் கீரை விற்பாளா? அவளுக்கு அங்கே யார் இடம் கொடுப்பது? அத்தோடு முடிந்தது எங்கள் சந்தை.

நான் எழுந்தேன். "போன வாரம் தோத்ததுக்கு வெயில் காரணமில்ல, நேரமும் காரணமில்ல. வாங்க வந்த டீச்சரம்மாவ வெறுங்கையோட அனுப்பினது நான்தான். போணி ஆகலையாம்! ஊரைக் கூட்டிக் கல்யாணம் வெச்சுட்டு மாப்பிள்ளையக் கூப்பிட மறந்த கதை" என்றேன். சிரிப்பு கிளம்பியது. எல்லோரும் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எழவில்லை. கூட்டம் முடிவுக்கு வராமல் இழுத்தது. பத்து மணிக்கு நான் ஓரத்திலிருந்த பள்ளிக்கூட நிழலுக்குப் போய்விட்டேன். அவர் போய்ப் போணி செய்தார். பன்னிரண்டு மணிக்கு, அவர் கயிற்றைப் பிடித்திருக்கும்போதே ஒரு சினை ஆடு காலை மடித்துப் படுத்தது. எழவே இல்லை. அரை மணி நேரத்தில் இன்னொன்று. ஆட்டுக்காரக் கிழவர் மடியில் அதன் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

மாமா நேராகக் கிராமசபைப் பந்தலுக்கு வந்தார். கையில் இன்னும் அந்த ஆட்டின் கயிறு இருந்தது என்று மயிலாத்தா சொன்னாள். "பதினஞ்சாந்தேதி அஞ்சு மணிக்கு நான் போணி பண்றேன்" என்றார். தலைவரம்மா எழுதிக்கொண்டார். இதுதான் கடைசி. அன்றைக்கும் தவறினால் டவுன்தான்.

நான் பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்துகொண்டேன். தலை சுற்றவில்லை. வேறு ஏதோ.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. ரேடியோவில் நூற்றி ஆறு டிகிரி. இனி எண்ணி என்ன, பத்துச் சொம்பு.

மே 7, புதன்

சொல்லிவிட்டாரே தவிர மாமாவுக்கு உதறல். "விரல் புடிக்கறதுக்குக் கண்ணு வேண்டாம் புள்ள. பல்லு பாக்கோணுமே! வயசு தப்பாச் சொன்னா இருபத்தஞ்சு வருசப் பேரு மண்ணு."

"துண்டுக்குள்ள பாத்தா விரல் புடிக்கிறீங்க? அந்தக் கைதானே இது. பல்ல கையாலயே பாருங்க."

என் வீட்டுக் கொட்டகையில் என் குட்டியைப் பிடித்துப் பழகினார். கண்ணைத் துண்டால் கட்டிவிட்டேன். கட்டைவிரலை உதட்டுக்குள் விட்டுக் கீழ்வரிசையைத் தடவினார். குட்டி அவர் விரலை மென்றது. "ஐயோ!" என்று குதித்தார். "பால் பல்லு, சரியாச் சொல்லுது" என்றேன். பக்கத்து வீட்டு ஆடு, எதிர் வீட்டுக் கிடாய் என்று ஏழு ஆடுகளை இழுத்து வந்தேன். நாலாவது ஆட்டிலிருந்து தப்பவே இல்லை. இரண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டும் முளைத்துக் கடை சேர்ந்தது, எல்லாம் கட்டைவிரலில் வந்துவிட்டது. கடைசியில் தலையைக்கூட ஆட்டாமல், "இதுக்கு ஒரு பல்லு ஒடஞ்சிருக்கு, ஆரு வீட்டு ஆடு?" என்றார்.

இன்னொன்று மிச்சம். மங்கலில் அவர் எப்படி ஆட்டு வரிசை வரை நடப்பார்? கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். வேறு மாதிரியும் பேசும்.

"நான் கூடையத் தலையில வெச்சு முன்னாடி போறேன். வாசத்தப் புடிச்சுட்டு வந்துருங்க."

"அதுக்குக் கண்ணு எதுக்கு, மூக்குப் போன கெழவனும் வந்துருவான்" என்றார். பழைய மனிதர் திரும்பிவிட்டார்.

மே 12, திங்கள்

பூபதி போன் செய்தான். இருபத்தி இரண்டாம் தேதி லீவு போட்டு வண்டியோடு வருகிறானாம். சாமான்களைக் கட்டி வை என்றான். கட்டுகிறேன் என்றேன். உரலை மட்டும் நகர்த்திப் பார்த்தேன். கனமாக இருந்தது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

மே 15, வியாழன்

இன்றைக்கு ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

நாலே முக்காலுக்கு வாளைக் கருவாடாகப் பார்த்துக் கூடையின் மேலே அடுக்கினேன், வாசம் தூக்கலாக இருக்கட்டும் என்று. நான் முன்னால். பத்தடி பின்னால் மாமா, வேட்டியைத் தட்டி, மீசையை முறுக்கி. நான் திரும்பும் இடத்தில் திரும்பினார், நிற்கும் இடத்தில் நின்றார். வழியில் ஒரு நாயும் எங்களோடு சேர்ந்துகொண்டது. "ஊர்வலம் போல இருக்கே" என்றான் டீக்கடைக்காரன். "சாமி வருது, எந்திரிச்சு நில்லு" என்றேன்.

திடலில் அன்றைக்கு வந்ததைவிடக் கூட்டம். எல்லோரும் கூடையின் மேல் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். ஆட்டு வரிசையில் கூடையை இறக்கினேன். அவர் சரியாக அங்கே வந்து நின்றார்.

ஒரு வெளியூர் வியாபாரி, பளபளவென்று எண்ணெய் தடவின ஒரு பெட்டை ஆட்டை முதலில் நீட்டினான். "ரெண்டு பல்லுங்க. தலைச்சன் குட்டி போடப் போகுது" என்றான். இருட்டில் தள்ளிவிடலாம் என்று வந்தவன்.

மாமா துண்டைத் தோளில் போட்டார். ஆட்டின் தாடையை இடது கையில் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஊரே பார்க்க, வேண்டுமென்றே மூடினார். கட்டைவிரல் உள்ளே போயிற்று. ஒரு பல், இரண்டு பல், விரல் நகர்ந்துகொண்டே போனது.

"ரெண்டு பல்லா? ஏந் தம்பி, இது கடை சேந்து வருசமாச்சு. முன்பல்லு ரெண்டும் ஆடுது. இதோட பேத்தி வேணும்னா தலைச்சனுக்கு நிக்கும்."

ஒருவன் செல்போன் வெளிச்சத்தை ஆட்டின் வாயில் அடித்தான். நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். "எட்டுப் பல்லுடோய்! ஆடுது!" என்று கத்தினான். திடல் முழுக்கச் சிரிப்பு. "கண்ண மூடிட்டே சொல்லிப்போட்டாரே மனுசன்!" மூடினாலும் திறந்தாலும் அவருக்கு ஒன்றுதான் என்பது எனக்கு மட்டும் தெரியும். வெளியூர்க்காரன் பாதி விலைக்கு இறங்கி, அசடு வழிந்துகொண்டு கையை நீட்டினான்.

துண்டு விழுந்தது. உள்ளே விரல்கள். வாங்குகிறவன் தலையை ஆட்டினான், விற்கிறவன் உதட்டைப் பிதுக்கினான், மாமா சிரித்தார். மறுபடி விரல்கள். கிழக்கே ஒரு கோடு வெளுத்தது.

"ஆச்சு!"

அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. நூற்றி எட்டுக் கடையும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தது. "கீரேய்! சிறுகீரேய்!" என்று மயிலாத்தா குரல் உடையக் கத்தினாள். தராசுத் தட்டுகள் அடித்துக்கொண்டன. பால் வண்டியிலிருந்து பெண்கள் குதித்தார்கள். டீச்சரம்மா நேராக என் முன்னால் வந்து நின்று, "இப்பவாச்சும் குடுப்பீங்களா?" என்றாள். அரை கிலோ நெத்திலியை அள்ளிப் போட்டு, அதற்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டேன். என் கண்ணில் ஏதோ விழுந்திருந்தது, கருவாட்டுத் தூசு.

எட்டரை மணிக்கு என் கூடை காலி. மயிலாத்தாளின் கடைசிக் கட்டுக் கீரைக்கு இரண்டு பேர் சண்டை. ஆட்டு வரிசையில் ஒரு ஆடுகூடப் படுக்கவில்லை. ஒன்பது மணிக்குத் தலைவரம்மா எங்களிடம் வந்து, "டவுனுக்கு எழுதின கடுதாசியக் கிழிச்சுப் போட்டேனுங்க. இனி இதான் நேரம்" என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்னே கூட்டம் விசில் அடித்தது. அறுபது வயதுக் கிழவர்கள் விசில் அடித்து நான் பார்த்தது இன்றுதான்.

மாமா அருகில் வந்தார். வெயில் ஏறியிருந்ததால் கண் தெரிந்தது. "என்ன புள்ள, மூஞ்சி செவந்து கெடக்குது?" என்றார். "வெயிலுங்க" என்றேன். நாங்கள் நின்றது நிழலில்.

தண்ணீர் எத்தனை சொம்பு என்று நினைவில்லை. நிறைய.

மே 16, வெள்ளி

தூங்கினேன்.

மே 19, திங்கள்

ஊத்துக்காட்டிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவர்கள் மாட்டுச் சந்தையையும் காலைக்கு மாற்ற வேண்டுமாம், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை கோட்டை விடுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள்!

ரேஷன் கடைக்காரரும் வியாழன்தோறும் ஆறு மணிக்கே திறக்கிறேன் என்கிறார். டீக்கடையில் நாலரைக்கே வடை.

ஜூன் பத்துக்குக் கூட வர ஆள் கிடைத்ததா என்று மாமாவிடம் கேட்டேன். "கெடச்சா நல்லாருக்கும்" என்றார். பார்க்கலாம் என்றேன். வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் கிடந்த கத்தரிப்பூச் சேலையை இஸ்திரிக்குப் போட்டேன். எப்படியும் போட வேண்டியதுதான்.

மே 22, வியாழன்

பூபதி விடிகாலை ஆறு மணிக்கே வண்டியோடு வந்துவிட்டான். வீடு பூட்டியிருந்தது. சத்தம் கேட்டுத் திடலுக்கு வந்தான். நூற்றி முப்பது கடை. முட்டைக்காரர் கூடத் திரும்பிவிட்டார். இத்தனை கூட்டத்தில் அம்மாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நின்றானாம், அப்புறம் யாரோ சிரிக்கிற பக்கமாக வந்தானாம்.

"என்னம்மா இது?" என்றான்.

"சந்தைடா. ஓரமா நில்லு, யாவாரத்த மறைக்காத. இல்ல, தராசப் புடி."

பிடித்தான். நூறு கிராம் கூடுதலாகவே நிறுத்தான், போய்ச் சேர்ந்த அவன் அப்பா மாதிரியே. எட்டே முக்காலுக்குக் கூடையைக் கவிழ்த்தோம். வேப்ப நிழலில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு வடை தின்றோம். டாக்டரம்மா சொன்ன எல்லாவற்றையும் அவன் மறுபடி சொன்னான். நான் டைரியை எடுத்து நீட்டினேன். போன செவ்வாய்க்கிழமை அவர் அதில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருந்தார்: 'ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. காலைச் சந்தைக்குப் போகலாம்.'

அவன் அதை இரண்டு தடவை படித்தான்.

"அப்ப வண்டி?" என்றான்.

"எதுக்கு வெறும் வண்டியா போவோணும்?"

அவன் பதில் சொல்வதற்குள் மயிலாத்தா பாதி ஏறிவிட்டாள், அவளுக்கு மகள் வீடு திருப்பூர்ப் பக்கம். அவளுக்குப் பின்னால் நாலு கூடை தக்காளி, பாத்திரக்காரரின் இரண்டு மூட்டை. மாமா வந்து ஆட்டை ஏற்றவா என்று கேட்டார். பூபதி என்னைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. என்னிடமிருந்து போன சிரிப்பு அது, எனக்குத் தெரியும். "ஏத்துங்க மாமா" என்றான். மாமா என்று இதுவரைக்கும் அவன் அவரைக் கூப்பிட்டதில்லை.

ஒன்பதரைக்கு வண்டி போய்விட்டது. திடலைக் கூட்டிவிட்டு எல்லோரும் வீடு சேர்ந்தோம்.

இப்போது மணி பன்னிரண்டு. ரேடியோவில் நூற்றி ஏழு டிகிரி என்கிறான். ஜன்னல் வழியாகத் திடலைப் பார்க்கிறேன். தரை மேலே அனல் ஆடுகிறது. ஒரு ஆள் இல்லை, ஒரு ஆடு இல்லை, ஒரு காக்கை இல்லை. வெயில் தன்னந்தனியாக, போணி ஆகாமல் உட்கார்ந்திருக்கிறது.

நான் பாயை விரித்துவிட்டேன்.